சாகணும்போல இருக்கு என்கிறவருக்குத் துணை நிற்பது எப்படி? கடலூர், புதுச்சேரிப் பகுதிக்கான முழுமையான வழிகாட்டி

இதை உங்களுக்காகவே தேடிப் படிக்கிறீர்கள் என்றால், கீழே இருப்பதை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் 14416-க்குப் போன் போடுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. காசு கிடையாது, ராத்திரி இரண்டு மணிக்கும் ஆள் இருக்கும், தமிழிலேயே பேசலாம். பேச வாய் வரவில்லையா? பக்கத்து அறையிலோ பக்கத்து வீட்டிலோ இருப்பவரிடம் போய் "கொஞ்ச நேரம் எங்கூட இரு" என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் எல்லாம் சொல்ல வேண்டாம். ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டுவிட்டீர்கள் என்றால் 108.

மற்றபடி இது பக்கத்தில் இருப்பவர்களுக்காக எழுதியது. அண்ணன், மாமியார், ஹவுஸ் ஓனர், டீக்கடைக்காரர், கிளாஸ் டீச்சர், மகளிர் குழுத் தலைவி, இப்படி யாராகவும் இருக்கலாம்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரன். டாக்டர் இல்லை, ஆலோசகரும் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு காரியம் செய்து வருகிறோம். அதற்குப் பெயர் எல்லாம் வைக்கவில்லை. கூடப் போவது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவோம், பேங்குக்குக் கூடப் போவோம், சில ராத்திரி யார் வீட்டுத் திண்ணையிலாவது கூட உட்கார்ந்திருப்போம். இதில் நான் கண்டது ஒன்றுதான். உதவி எண்கள் பஸ் ஸ்டாண்டு சுவரில்கூட ஒட்டியிருக்கின்றன. அந்த எண்ணை அழுத்திக் காதில் வைத்துவிடத்தான் ஆள் இருப்பதில்லை.

தேவை எவ்வளவு என்பதற்கு ஒரே ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு 12.4 பேர் தற்கொலையால் இறந்தார்கள். தமிழ்நாட்டில் அது 25.9. புதுச்சேரியில் 29.7. நம் இரண்டு பக்கமுமே நாட்டுச் சராசரிக்கு இரண்டு மடங்குக்கு மேல் இருக்கின்றன.

முதல் படி: கண்ணில் படுவதைத் தள்ளிவிடாதீர்கள்

"நான் இல்லன்னா எல்லாரும் நிம்மதியா இருப்பீங்க." "இனிமே என்னால யாருக்கும் தொந்தரவு இருக்காது." இப்படி ஒருவர் சொன்னால் அது நடிப்பு, மிரட்டல் என்று தள்ளுவதுதான் நம் பழக்கம். 'சாவேன்னு சொல்றவன் சாக மாட்டான்' என்று ஒரு வசனமே உண்டு. அது தப்பு. பலர் யாரிடமாவது ஏதோ ஒரு விதத்தில் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

வாயால் சொல்லாதவர்களும் உண்டு. திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் நடந்தது ஒன்று சொல்கிறேன், ஆளை அடையாளம் தெரியாமல் மாற்றியிருக்கிறேன். எங்கள் குழுவில் ஒரு டீக்கடைக்காரர் உண்டு. ஒரு நாள் சாயங்காலம் போன் பண்ணி, "அண்ணே, அவரு வந்து பாக்கி முந்நூத்தி நாப்பது ரூபாயையும் குடுத்துட்டுப் போறாரு" என்றார். நல்லதுதானே என்றேன். "இல்லண்ணே, மூணு வருஷமா ஒரு நாளும் முழுசாக் குடுத்ததில்ல. பேசவும் இல்ல. எதிர் வீட்டு ஏணியையும் தூக்கிட்டு வந்து வச்சிட்டுப் போனாரு." இரவல் வாங்கிய ஏணி, டீக்கடைப் பாக்கி. கணக்கை முடித்துக்கொண்டிருந்தார் மனிதர். இதைப் பார்க்க மனநல மருத்துவர் தேவைப்படவில்லை. தினமும் அவருக்கு டீ ஆற்றிக் கொடுத்தவர் போதும்.

எல்.ஐ.சி. பத்திரத்தை மனைவியிடம் எடுத்து விளக்குவது, வளர்த்த மாட்டை, நாயைத் திடீரென யாருக்காவது கொடுத்துவிடுவது, பல நாள் தூக்கமில்லாமல் தவித்தவர் ஒரு காலையில் சட்டென்று அமைதியாகிவிடுவது, இவையும் அப்படித்தான். கடைசியில் சொன்னதைப் பார்த்து வீட்டார் 'தெளிஞ்சிட்டாரு' என்று நிம்மதி அடைவார்கள். அன்றைக்குத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

காலமும் ஒரு அடையாளம். மே மாதம் ரிசல்ட் வரும் வாரம் எல்லாருக்கும் தெரியும். புயலும் அப்படித்தான், ஆனால் அது உடனே தெரியாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரை கடந்தபோது பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. நிவாரணம் கொடுக்கிற வாரத்தில் ஊரே கூட இருந்தது. மனசு உடைந்தது அதற்குப் பல மாதம் கழித்து, காய்க்க வேண்டிய மரம் இல்லாத பருவத்தில், தவணை கட்டச் சொல்லி ஆள் வந்து நிற்கும்போது. அந்த நேரத்தில் நிவாரண லாரி ஒன்றும் வராது.

இரண்டாம் படி: நேராகக் கேளுங்கள்

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோமோ என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. அப்படி ஆவதில்லை என்றுதான் இந்தத் துறை ஆய்வுகள் சொல்கின்றன. உள்ளே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தவருக்கு ஒருவர் கேட்டதே பாதி ஆறுதல்.

எப்படிக் கேட்பது? சுற்றி வளைக்காதீர்கள். "தப்பு தண்டா எதுவும் நினைக்கலையே?" என்று கேட்டால் "ச்சே, அதெல்லாம் இல்ல" என்றுதான் பதில் வரும். கேள்வியிலேயே அது தப்பு என்று தீர்ப்பு சொல்லிவிட்டோமே. தனியாக உட்காரவைத்து, நேரம் ஒதுக்கி, "கொஞ்ச நாளா நீ சரியில்லாத மாதிரி இருக்கு. செத்துடலாம்னு தோணுதா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் பதறாதீர்கள். அடுத்த கேள்வி: "எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா? எப்பன்னு?" வழியும் நேரமும் யோசித்து வைத்திருக்கிறார் என்றால் இன்றைக்கே, இப்போதே செயல்பட வேண்டிய ஆபத்து.

அப்புறம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். இந்த இடத்தில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு தம்பி என்னிடம் மனம் திறந்தான். நான் உடனே, "உன் புள்ளைங்க முகத்தை நினைச்சுப் பாரு, உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர்" என்று அரை மணி நேரம் புத்தி சொன்னேன். "சரிண்ணே" என்று எழுந்து போனான். அதற்குப் பிறகு மூன்று வாரம் என் கண்ணில் படவே இல்லை. பிள்ளைகள் முகத்தை அவன் நினைக்காமலா இருந்திருப்பான்? தன்னால் அவர்களுக்கும் பாரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான். இன்னொருவர் வழியாக மறுபடி பிடித்தோம். இப்போதெல்லாம் நான் சொல்வது இரண்டே வாக்கியம்: "சொன்னியே, நல்லதாப் போச்சு. நான் கூட இருக்கேன்."

ரகசியமாக வைத்திருப்பேன் என்று சத்தியம் மட்டும் செய்யாதீர்கள். "ஊருக்குச் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிரைக் காப்பாத்தத் தேவைன்னா ஒருத்தர் ரெண்டு பேர்கிட்ட சொல்லுவேன்" என்று முன்பே சொல்லிவிடுவது நேர்மை.

மூன்றாம் படி: கையெட்டும் தூரத்திலிருந்து அகற்றுங்கள்

சாக வேண்டும் என்ற அந்த உச்ச வேகம் பெரும்பாலும் நாள்கணக்கில் நிற்பதில்லை. நிமிஷங்கள், சில மணி நேரம். அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருந்தால் பலர் தப்பிவிடுகிறார்கள். இது ஆசை வார்த்தை இல்லை. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்துகொண்டே வந்தார்கள். 1995-க்குப் பிறகான இருபது ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது.

அவ்வளவு தூரம் போவானேன். நம் மாவட்டத்திலேயே, காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு முயற்சி நடந்தது. சென்னையில் ஸ்நேகா அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவரோடு இருந்தவர்களும் செய்தது. ஊர்ப் பொதுவில் பூச்சிமருந்து வைக்க ஒரு கட்டடம், உள்ளே பேங்க் லாக்கர் மாதிரிப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு சாவி, ஒன்று விவசாயி கையில், இன்னொன்று கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர் கையில். மருந்து அடிக்கிற நாள் போய் எடுத்துக்கொள்ளலாம், மிச்சத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைக்க வேண்டும். விவசாயிகள் இதை ஏற்றுக்கொண்டார்கள், பலனும் தெரிந்தது என்று 2013-இல் அந்த ஆய்வு வெளியானது. உலக அளவில் இந்தத் துறையில் பேசப்படுகிற ஒரு யோசனை நம் பக்கத்து வயல்வெளியில் பரிசோதிக்கப்பட்டது என்பது இங்கே பலருக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

கட்டடம் கட்டுகிற வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் பரண்மேல், குளியலறை ஜன்னலில் மிச்ச மருந்து இருக்கிறதா? மோட்டார் கொட்டகையில் பூட்டி, சாவியைப் பங்காளி வீட்டில் கொடுங்கள். அடுத்த தடவை அந்த வேளைக்குத் தேவையான அளவு மட்டும் வாங்குங்கள், மிச்சமே வராது. பெரியவர்களின் சுகர், பிரஷர், தூக்க மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு மட்டும் வெளியே இருக்கட்டும். வீட்டில் ஒருவர் சதா பக்கத்தில் இருக்கட்டும். ராத்திரி கதவைத் தாழ் போடாமல் தூங்கச் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் ஒளித்து வைப்பதைவிட "கொஞ்ச நாளைக்கு இதெல்லாம் என்கிட்ட இருக்கட்டும்" என்று சொல்லியே எடுத்து வைப்பது நல்லது. தேடிப் பார்த்து 'என்னை நம்பலை' என்று நொந்துகொள்ள மாட்டார்.

சாராயம், பிராந்தி பாட்டிலையும் சேர்த்தே எடுங்கள். புதுச்சேரி எல்லை நடந்து போகிற தூரத்தில் இருக்கிற ஊர்களில் இதைச் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம் என்று எனக்கும் தெரியும். குடி அந்த வேகத்தைக் கூட்டிவிடும், யோசனையைக் குறைத்துவிடும். குடியை விடுவிக்க உதவி கேட்க 14446 என்று ஒரு தேசிய எண் இருக்கிறது.

நான்காம் படி: நீங்களே போன் போட்டுக் கொடுங்கள்

'இந்த நம்பர்ல பேசு' என்று எழுதிக் கொடுத்தால் பத்தில் ஒருவர் பேசினால் அதிசயம், இது என் அனுபவக் கணக்கு. நீங்கள் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, "பக்கத்துல ஒருத்தர் இருக்காரு, அவருக்குத்தான்" என்று ஆரம்பித்துவிட்டுப் போனைக் கையில் கொடுங்கள்.

14416-ஐ அழைத்தால் முதலில் மொழி கேட்கும், தமிழைத் தேர்ந்தெடுத்தால் பயிற்சி பெற்ற ஆலோசகர் வருவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை, தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரிலும் சொல்வார்கள். 1800 891 4416 என்பதும் அதேதான்.

அரசு எண் என்றாலே தயங்குபவர்கள் உண்டு, 'பேர் பதிவாயிடுமோ' என்று. அவர்களுக்கு ஸ்நேகா இருக்கிறது: 044-24640050. 1986-இல் தொடங்கியது. பேசுபவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். அறிவுரை சொல்ல மாட்டார்கள், கேட்பார்கள். அதுதான் அதன் சிறப்பு. புதுச்சேரியிலேயே மைத்ரேயி என்ற அமைப்பு இதே வகையில் செயல்படுவது, எண் 0413-2339999. இப்படித் தன்னார்வலர்கள் நடத்துகிற இடங்களில் நேரம் மாறும். அதனால் அவசரம் வருவதற்கு முன்பே, ஒரு சாதாரண நாளில் அழைத்து எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று கேட்டு, போனில் பெயரோடு சேர்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: எதையாவது செய்துகொண்டுவிட்டால்

108. அது வரத் தாமதமானால் ஆட்டோ, பக்கத்து வீட்டுக் கார், எது கிடைக்கிறதோ அது.

நம் பக்கம் உயிரைக் குடிக்கிற சில பழக்கங்கள் இருக்கின்றன. ஒன்று, உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது. வேண்டவே வேண்டாம். வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போனால் அதுவே ஆளை முடித்துவிடும். பால், முட்டை, எலுமிச்சை என்று எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். மயங்கியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அவர் உட்கொண்ட பொருளின் பாட்டில், அட்டை, கவர் எது கிடைத்தாலும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டருக்கு அந்தப் பெயர்தான் முதலில் தேவை.

இரண்டாவது, 'நேரா ஜிப்மருக்கே போயிடலாம்' என்று கிளம்புவது. புதுச்சேரியில் இருக்கிற அந்த மத்திய அரசு மருத்துவமனை மேல் நமக்கு உள்ள நம்பிக்கை நியாயமானதுதான். ஆனால் விருத்தாசலத்திலோ பண்ருட்டியிலோ இருந்துகொண்டு அப்படிக் கிளம்பினால் வழியிலேயே நேரம் போய்விடும். முதலில் பக்கத்து அரசு மருத்துவமனை: கடலூரில் தலைமை மருத்துவமனை, சிதம்பரம் பக்கம் அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி டவுனில் என்றால் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை. அங்கே முதல் சிகிச்சை கொடுத்துத் தேவையென்றால் அவர்களே அனுப்புவார்கள். நம் பகுதியில் ஒரு ஊர் தமிழ்நாடு, அடுத்த ஊர் பாகூர் கொம்யூன் என்று எல்லை பின்னிக் கிடக்கிறது. உயிர் போகிற நேரத்தில் மாநிலம் பார்க்காதீர்கள், தூரம் பாருங்கள்.

மூன்றாவது, போலீஸ் பயம். 'கேஸ் ஆயிடும்' என்று பயந்து வயிற்றுவலி என்று பொய் சொல்லிச் சேர்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1-இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றம் என்ற பழைய 309-ஆவது பிரிவே கிடையாது. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுக்கும் நோக்கில் முயன்றால் மட்டும் 226 என்ற தனிப் பிரிவு இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போகும், ஒரு ஏட்டு வந்து விவரம் எழுதிக்கொள்வார். அது நடைமுறை. பயப்பட ஒன்றுமில்லை.

ஆறாம் படி: ஓ.பி.க்குக் கூடப் போங்கள்

'மனநலப் பிரிவு' என்ற போர்டைப் பார்த்ததும் கால் பின்வாங்கும். அதனால் தனியாக அனுப்பாதீர்கள். தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மருத்துவர் இருப்பார். தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாள்களில் வருவார்கள், எந்த ஊருக்கு எந்தக் கிழமை என்று கடலூரில் கேட்டால் சொல்வார்கள். மருந்து இலவசம். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவைக் கேட்டாலும் வழி சொல்வார். புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மரிலும் கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

ஜிப்மருக்கு நாங்கள் கடலூரிலிருந்து விடிகாலை பஸ்ஸில் போவோம். ஆதார் அட்டை, பழைய சீட்டுகள், தண்ணீர் பாட்டில், ஒரு பொட்டலம் எலுமிச்சைச் சாதம். ஒருமுறை ஒரு அம்மாவைக் கூட்டிப் போனபோது வரிசையில் நின்றபடியே மூன்று தடவை "வேணாம் தம்பி, வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். பக்கத்தில் நின்ற இன்னொரு அம்மா, விழுப்புரம் பக்கத்து ஆள், "நானும் அப்படித்தான் சொன்னேன் மொதல்ல. இப்ப ஏழு மாசமா வர்றேன்" என்று தன் சீட்டை எடுத்துக் காட்டினார். நாங்கள் ஒரு மாதம் பேசி நடக்காதது அந்தச் சீட்டால் நடந்தது.

உள்ளே போனதும் என்ன சொல்வது என்று தெரியவில்லையா? "தூக்கம் வரலை, வாழப் பிடிக்கலை" என்று ஆரம்பித்தால் போதும், மிச்சத்தை டாக்டர் கேட்டுக்கொள்வார். மாத்திரை கொடுத்தால் அது வேலை செய்ய இரண்டு மூன்று வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். நாலாம் நாள் 'ஒண்ணும் கேக்கலை' என்று நிறுத்திவிடுவதுதான் இங்கே அதிகம் நடப்பது. மாத்திரைப் பையை வீட்டில் இன்னொருவர் வைத்துக்கொண்டு வேளாவேளைக்குக் கொடுக்கட்டும். கோயிலுக்குப் போய் மந்திரிக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் மல்லுக்கு நிற்காதீர்கள். கோயிலுக்கும் போகட்டும், ஓ.பி.க்கும் போகட்டும்.

ஏழாம் படி: நெருக்குகிற விஷயத்தையும் பாருங்கள்

மாத்திரை கடனை அடைக்காது. காரணம் ஒன்றே ஒன்றாக இருப்பதும் அரிது, ஆனால் கழுத்தை நெரிக்கிறது என்று அவர் சொல்கிற ஒன்று இருக்கும். அதில் ஒரு முடிச்சையாவது அவிழ்த்துக் கொடுங்கள்.

குழுக் கடன் வசூலுக்கு வந்து வாசலில் உட்கார்ந்துகொள்கிறார்களா? தமிழ்நாட்டில் கடன் வசூலில் வற்புறுத்தல், அவமானப்படுத்துதலுக்கு எதிராக 2025-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. கந்துவட்டிக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம், இலவசச் சட்ட உதவிக்கு 15100. ஆன்லைன் கடன் ஆப்பில் படத்தை மாற்றி மிரட்டுகிறார்கள் என்றால் 1930-க்குப் புகார் செய்யுங்கள், மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வையுங்கள். வீட்டில் அடி உதை என்றால் 181. குழந்தைகள் என்றால் 1098. பிள்ளைகள் கைவிட்ட முதியவர் என்றால் 14567. இந்த எல்லா இடத்துக்கும் கூடப் போகிற ஆள் வேண்டும். மனு எழுதக் கை நடுங்குகிறவருக்கு மனுவை எழுதிக் கொடுப்பதும் தற்கொலைத் தடுப்புதான்.

பரீட்சை விஷயம் மட்டும் ரிசல்ட்டுக்கு முன்னாலேயே பேச வேண்டியது. முந்தின நாள் சாப்பிடும்போது அப்பா வாயால் "என்ன மார்க் வந்தாலும் நாளைக்கு ராத்திரி நாம சேர்ந்துதான் சாப்பிடுவோம்" என்று வர வேண்டும். அன்று பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். 'எவ்ளோ?' என்று கேட்டு வருகிற சொந்தக்காரர் போன்களை நீங்கள் எடுங்கள். துணைத் தேர்வு உடனே வருகிறது, ஒரு வருஷம்கூட வீணாகாது என்பதைப் பிள்ளைக்கு மட்டுமல்ல, பாட்டிக்கும் சொல்லி வையுங்கள்.

எட்டாம் படி: மறுபடி போங்கள்

எல்லாவற்றிலும் இதைத்தான் நான் முக்கியம் என்பேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு முதல் சில வாரங்கள் ஆபத்தானவை. அப்போதுதான் எல்லாரும் விலகிப் போகிறார்கள், என்ன பேசுவது என்று தெரியாமல்.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஒரு ஆய்வு செய்தது, அதில் சென்னையும் ஒரு இடம். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பகுதியினருக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, பதினெட்டு மாதத்தில் ஒன்பது தடவை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். 2008-இல் வந்த முடிவுப்படி, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் பிறகு தற்கொலையால் இறந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். விசாரித்தது, அவ்வளவுதான்.

அந்த ஒன்பது நாள்களை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்கள், அப்புறம் 4, 6, 12, 18-ஆம் மாதங்கள். இப்போதே போன் காலண்டரில் போட்டு வையுங்கள். அந்த நாள் வந்ததும் "எப்படி இருக்கே?" என்று மெசேஜ் போட்டு முடித்துக்கொள்ளாமல் போய்ப் பாருங்கள். தேவனாம்பட்டினம் பீச்சுக்கு ஒரு நடை கூட்டிப் போங்கள். தூக்கம், சாப்பாடு, மாத்திரை, அந்த எண்ணம் மறுபடி வந்ததா, இந்த நான்கையும் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடுங்கள்.

அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்: மனசு கெடும்போது முதலில் தெரிகிற அறிகுறி, அப்போது தானே செய்யக்கூடிய இரண்டு காரியங்கள், போய் நிற்கக்கூடிய ஒரு இடம், போன் பண்ணக்கூடிய மூன்று பேர், கடைசியில் 14416. டீக்கடைப் பாக்கியை முடித்த மனிதரின் தாளில் மூன்று பேரில் ஒருவராக டீக்கடைக்காரர் பெயர் இருக்கிறது. பாக்கி மறுபடி ஏறிவிட்டது. டீக்கடைக்காரருக்கு அதில் ஏக சந்தோஷம்.

ஒன்பதாம் படி: தெருவில் ஐந்து பேரைச் சேருங்கள்

ஒரே ஆள் தாங்க முடியாது. நான் முயன்று பார்த்து, இரண்டு மாதம் தூக்கம் கெட்டுப் போனேன். ஐந்து பேர் போதும், ஆனால் பொறுக்கி எடுங்கள். மெடிக்கல் ஷாப்காரர், டீக்கடைக்காரர், மகளிர் குழுவில் எல்லாரும் நம்புகிற ஒரு அக்கா, ஒரு டீச்சர். ராத்திரி எழுப்பினால் முகம் சுளிக்காத ஒரு ஆட்டோக்காரர் மற்ற நாலு பேருக்குச் சமம். கட்சி, சாதிச் சங்கப் பொறுப்பில் இருப்பவர் வேண்டாம் என்பது என் கருத்து, எதிர் கோஷ்டி வீட்டார் வாய் திறக்க மாட்டார்கள்.

வாட்ஸாப் குழுவில் யார் பெயரையும் போடாதீர்கள். 'இன்னைக்கு ஒருத்தர் கூடப் போகணும், யாரு?' என்பதற்கு மேல் அதில் எதுவும் வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டத்தில் கேட்டு ஒருவரை ஊருக்கு அழைத்துப் பேசச் சொல்லலாம், செப்டம்பர் 10 தற்கொலைத் தடுப்பு நாள் அதற்கு நல்ல சாக்கு. உங்கள் மனசு கனத்துப்போனால் 14416 உங்களுக்கும்தான்.

இறப்பு நடந்துவிட்ட வீடு

எவ்வளவு செய்தும் சில சமயம் கை நழுவிவிடும். அந்த வீட்டில் 'ஏன், எப்படி, கடைசியா யார்கிட்ட பேசினாரு' என்று துருவாதீர்கள். படமோ கடிதமோ போனில் வந்தால் உங்களோடு நிற்கட்டும். எப்படி இறந்தார் என்ற விவரத்தைப் பிள்ளைகள் காதில் விழும்படி பேசாதீர்கள், அதே பள்ளியில், அதே வயதில் இருக்கும் பிள்ளைகளைக் கொஞ்ச நாள் கூர்ந்து கவனியுங்கள். மனைவியையோ மாமியாரையோ பழி சொல்கிற பேச்சு எழவு வீட்டு வாசலிலேயே ஆரம்பிக்கும். அதை அங்கேயே வெட்டிவிட ஒரு பெரிய மனுஷர் வேண்டும்.

பதினாறாம் நாள் வரை வீடு நிறைய ஆள் இருக்கும். பந்தல் பிரித்து, வாடகைப் பாத்திரம் திரும்பப் போய், சொந்தக்காரர்கள் பஸ் ஏறிய பிறகு வருகிற பதினேழாம் நாள் காலைதான் அந்த வீட்டுக்கு நீளமானது. அன்றைக்கு ஒரு பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு போங்கள். காபியை அந்த அம்மாவையே போடச் சொல்லிக் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.